மூட்டைக்குக் கணக்கு உண்டு, தண்ணீருக்கு?

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஷெட்டுகள் கண்ணில் படும். கறிக்கோழிப் பண்ணைகள். எந்த ஷெட்டுக்குப் போனாலும் வாசல் கம்பியில் ஓர் அட்டை தொங்கும். குஞ்சு இறங்கிய தேதி, வயது, அன்றைக்குச் செத்தது எத்தனை, பிரித்த தீவன மூட்டை எத்தனை, வாரக் கடைசி எடை எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். என் மாமா பண்ணை அட்டையும் அப்படித்தான். அதில் தண்ணீருக்கு மட்டும் கட்டம் இல்லை. நான் பார்த்த பெரும்பாலான அட்டைகளில் இல்லை.

இது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கோழி 2 கிலோ எடைக்கு வர, கிலோவுக்கு 1.6 கிலோ என்று வைத்தால், 3.2 கிலோ தீவனம் தின்கிறது. மிதமான வெயிலில் தின்னும் தீவனத்தைப் போல 1.8 மடங்கு தண்ணீர் குடிக்கும். ஆக ஒரு கோழிக்கு ஐந்தே முக்கால் லிட்டர். 5,000 கோழி உள்ள ஷெட்டில் ஒரு பேட்ச் முடிவதற்குள் 16 டன் தீவனமும் ஏறத்தாழ 29,000 லிட்டர் தண்ணீரும் செலவாகின்றன. 50 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 320 மூட்டை. அதில் ஒரு மூட்டை குறைந்தால் கம்பெனி சூப்பர்வைசர் கேள்வி கேட்பார். 29,000 லிட்டரில் 5,000 லிட்டர் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. கோழிக்குத் தெரியும். எடைத் தராசில் அது தெரியும்போது பேட்ச் முடிந்திருக்கும்.

ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு கம்பெனியுடையது. தீவனம், மருந்து, தடுப்பூசி எல்லாம் கம்பெனியுடையது. பண்ணையாளர் கையில் இருப்பவை இடம், ஷெட், கூளம், கரண்டு, உழைப்பு, தண்ணீர். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்கிற தீவன மாற்று விகிதம் கெட்டால் அந்தக் கூலியில் பிடித்தம் விழும். விகிதத்தைக் கெடுக்கும் காரணங்களில் பல, குஞ்சின் தரத்தைப் போல, தீவனத்தின் தரத்தைப் போல, பண்ணையாளர் கைக்கு எட்டாதவை. தண்ணீர் எட்டும். அவர் காசு போட்டுத் தோண்டிய போர்வெல்லிலிருந்து அவர் மோட்டார் இறைக்கும் தண்ணீர் அது. அதை அளக்காமல் விடுவது அவர் கையில் மிச்சமிருக்கும் ஒரே பிடியையும் விட்டுவிடுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

வளர்ந்த கோழியின் உடம்பில் சுமார் 60 முதல் 65 விழுக்காடு தண்ணீர். குஞ்சில் இன்னும் கூடுதல். உடம்பில் உள்ள கொழுப்பு முழுவதும் கரைந்தாலும் கோழி பிழைத்திருக்கும். உடல் நீரில் பத்தில் ஒரு பங்கு போனால் தள்ளாடும், ஐந்தில் ஒரு பங்கு போனால் செத்துவிடும். தின்ற தீவனம் தீனிப்பையில் ஊறி மெதுவானால்தான் கீழே இறங்கும். செரிமானம், ரத்த ஓட்டம், மூட்டுகளின் அசைவு, கழிவை வெளியேற்றுவது, உடம்புச் சூட்டைத் தணிப்பது என எல்லாமே இந்தத் தண்ணீரை நம்பித்தான் நடக்கின்றன. தாகம் தீராத கோழி தீனியைத் தொடாது. தண்ணீரைக் குறைத்துக் கொடுத்துச் செய்த பழைய சோதனைகளில், குறைப்பு கூடக்கூடத் தீவனம் உண்பதும் எடையும் பின்னாலேயே இறங்கியிருக்கின்றன. தண்ணீர் கால் பங்கு குறைந்தால் தீவனத் தொட்டி நிறைந்து கிடக்கும். பார்க்கிறவருக்கு ஏதோ தீவனக் கோளாறு போலத் தோன்றும்.

இன்றைய கோழிக்குத் தாகம் ஏன் இவ்வளவு என்பதற்கு அதன் பரம்பரையையும் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978ஆம் ஆண்டுகளின் கோழி வம்சங்களைத் தேர்வு செய்யாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005ஆம் ஆண்டுக் கறிக்கோழியையும் ஒரே தீவனத்தில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். தீனி ஒன்றுதான், வளர்ப்பு ஒன்றுதான், மாறியது வம்சம். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகம் தன் பண்ணைக் குறிப்புகளை வைத்து 1991, 2000–01, 2010–11 காலத்துக் கூட்டங்களை ஒப்பிட்டபோது, பிந்தைய கோழிகள் அதே வயதில் கூடுதலாகத் தண்ணீர் குடித்திருந்தன. ஆக, இருபது வருஷத்துக்கு முன்னால் போட்ட அரை அங்குலக் குழாயும் சின்னத் தொட்டியும் இன்றைய கோழிக்குப் போதுமா என்று ஒவ்வொரு பண்ணையாளரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

கோழிக்கு நம்மைப் போலத் தண்ணீரை உறிஞ்சத் தெரியாது. அலகில் கொஞ்சம் அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டைக்குள் தானாக வழிந்து இறங்கவிடும். மொண்டு மொண்டுதான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு மடக்குக் குறைந்தாலும் அது நாள் முழுக்கக் கூடிப் பெரிய குறைவாகிவிடும். முன்பெல்லாம் மணி போலத் தொங்கும் பெல் டிரிங்கர்தான் எங்கும் இருந்தது. கோழிக்குக் குடிக்க அது சுலபம். ஆனால் கூளம், தீவனத்தூள், எச்சம் எல்லாம் அதில் விழும். ஒரு கோழியின் சளி அடுத்த கோழியின் வாய்க்குப் போகும். தினம் இரண்டு தடவை கழுவ ஆள் வேண்டும். ஊசியை அலகால் அழுத்தினால் தண்ணீர் விடும் நிப்பிள் வந்தபிறகு தண்ணீர் மூடிய குழாயிலேயே சுத்தமாக வருகிறது, கூளமும் காய்ந்து கிடக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. திறந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். நிப்பிளில் அடைப்பு விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வரிசையில் இருக்கும் நிப்பிள் எல்லாம் ஒன்றுபோலப் பளபளக்கும். அதில் நான்கில் ஒன்று செத்துக் கிடக்கலாம்.

இதற்கு எளிய சோதனை இருக்கிறது. ஒரு அளவுக் குவளையை நிப்பிளுக்கு அடியில் பிடித்து, ஊசியை ஒரு நிமிடம் அழுத்தி வைத்து, விழுந்த தண்ணீரைப் பார்க்க வேண்டும். கோழியின் வயதை வாரக் கணக்கில் எடுத்து 7ஆல் பெருக்கி 20 கூட்டினால் வருவதுதான் நிமிடத்துக்கு வேண்டிய மில்லி. ஐந்து வாரக் கோழிக்கு 55 மில்லி. இதை முதல் நிப்பிளில் மட்டும் பார்த்தால் பயனில்லை. குழாயின் கடைசியிலும் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடிவிட்டாலும் தொல்லைதான். குஞ்சு முகத்தில் பீய்ச்சும், கூளம் நனையும். ஒரு நிப்பிளுக்குப் பத்துப் பன்னிரண்டு கோழிக்கு மேல் போனால் திடமானது குடிக்கும், சோனி ஒதுங்கி நிற்கும். உயரத்தைப் பொறுத்தவரை, முதல் நாளில் ஊசி குஞ்சின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு கழுத்தை நன்றாக நீட்டி, ஆனால் கால் விரல்கள் தரையிலேயே பதிந்திருக்கும்படிக் குடிக்க வேண்டும். கோழி எம்பிக் குடித்தால் குழாய் உயரம். தலையைக் கோணித்துப் பக்கவாட்டில் குடித்தால் தாழ்வு, அப்போது பாதித் தண்ணீர் கூளத்துக்குத்தான். ஐந்து வாரத்தில் கோழி எவ்வளவோ வளர்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது குழாயை ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கயிற்றை இழுக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆனால் பேட்ச் நடுவில் மறந்துபோவது அதுதான்.

குஞ்சு இறங்கும் நாளுக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான நாள் என்பேன். பொரித்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலம் இயற்கை கொடுத்த அவகாசம். பெட்டியில் அடைபட்டு, லாரியில் வந்து, வெயிலில் காத்திருந்து அதில் பாதி கரைந்துவிடுகிறது. வந்து இறங்கும் குஞ்சின் கால் தோல் சுருங்கி, நரம்பு எடுத்துக் காட்டினால் அது தாகத்தில் இருக்கிறது. மாமா, குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பாதம் சில்லென்று இருந்தால் புரூடரின் சூடு போதவில்லை. குளிரில் நிற்கும் குஞ்சு தண்ணீர் தேடி நடக்காது, ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்துவிடும். அதிகச் சூட்டில் ஓரமாக ஒதுங்கி இறக்கையைத் தொங்கவிடும். அப்போதும் தீனி இறங்காது.

ஒரு தடவை குஞ்சு இறங்கிய அன்று ராத்திரி அவரோடு ஷெட்டில் இருந்தேன். பத்து மணி இருக்கும். "நீயும் நாலு குஞ்சை எடுத்துப் பாரு கண்ணு" என்றார். கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே தீனிப்பை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடத்தில் ஒரு சின்ன உருண்டை. முதல் குஞ்சுக்குக் கஞ்சி கட்டிய பை போல மெத்தென்று இருந்தது; தின்றிருக்கிறது, குடித்தும் இருக்கிறது. அடுத்ததற்குக் கெட்டியாக, உள்ளே குருணை நெருடியது. "இது தின்னுபோட்டுத் தண்ணி கிடைக்காம நிக்குது. பாத்தியா, இந்த மூலைதான்" என்று சொல்லி அந்த மூலைக்குப் போனார். அங்கே வைத்திருந்த குஞ்சுத் தண்ணீர்க் குவளை சாய்ந்து, வாய் கூளத்தால் மூடிக் கிடந்தது. குவளையை நிமிர்த்தி, நனைந்த கூளத்தை அள்ளிப் போட்டு, நான்கைந்து குஞ்சுகளைப் பிடித்து அலகைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு விட்டார். ஒன்று குடிப்பதைப் பார்த்து மற்றவையும் வந்தன. ஒரு நாள் கழியும்போது நூற்றில் 95 குஞ்சுக்காவது தீனிப்பை மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். ஏழாம் நாளில் குஞ்சு தன் பிறந்த எடையைப் போல நாலரை மடங்காவது வந்திருந்தால் அந்தப் பேட்ச் பாதி வழி நன்றாக வந்துவிட்டது. முதல் வாரத்தில் பின்தங்கிய குஞ்சை ஐந்தாம் வாரத்தில் தூக்கி நிறுத்தும் மருந்து எதையும் நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் இந்த விஷயத்தை வெயிலை விட்டுப் பேசவே முடியாது. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடி, இறகில்லாத கால் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். வெளிக்காற்றே 35, 36 டிகிரி ஆகிவிட்டால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது வாயைத் திறந்து இரைப்பது மட்டும். நிமிடத்துக்கு 25 தடவை மூச்சு விடும் கோழி 200 தடவை வரை இரைக்கும். நுரையீரல் வழியாகத் தண்ணீர் ஆவியாகி, போகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. ஆனால் அத்தனை வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தம் காரத்தன்மைக்குப் போகிறது. சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளும்; கூடவே பொட்டாசியம், சோடியம் உப்புகளும் போகும். நாமக்கல்லில் முட்டைக்கோழி வளர்ப்பவர்கள் சித்திரையில் ஓடு மெலிந்து உடையும் முட்டைகளைப் பார்ப்பது இதே காரணத்தால்தான். ஓட்டுக்குச் சுண்ணாம்பு கட்ட வேண்டிய பைகார்பனேட் ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. அதனால்தான் கோடையில் குடிதண்ணீரில் எலக்ட்ரோலைட், சமையல் சோடா, வைட்டமின் சி கலந்து கொடுக்கிறார்கள்.

21 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 6, 7 விழுக்காடு வீதம் தண்ணீர் தேவை ஏறும். 35 டிகிரி என்றால் ஏறத்தாழ இரட்டிப்பு. அதே நேரத்தில் தீவனம் இறங்கும். ஆக ஒன்றுக்கு 1.8 என்ற விகிதம் 3, 4 என்று போய்விடும். வளர்ச்சி குறைவது இந்த இடத்தில்தான். சூட்டைத் தணிப்பதற்கே கோழியின் சக்தி போய்விடுகிறது, சதைக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

சித்திரை மாதம் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு மாமாவும் நானும் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிப்பிள் குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்தோம். தொடக்கத்தில் வெதுவெதுப்பு. நடுவில் கை கொஞ்சம் தயங்கியது. கடைசியில் நிப்பிளை அழுத்தி உள்ளங்கையில் தண்ணீர் வாங்கினேன்.

"சுடுதுங்க மாமா."

"இந்தத் தண்ணிய நீ குடிப்பியா?"

வெயிலில் மேடை மேல் நின்றது ஒரு கறுப்புத் தொட்டி. அதிலிருந்து ஷெட்டுக்கு வரும் பிளாஸ்டிக் குழாய் பத்து அடிக்கு மண்ணுக்கு மேலேயே கிடந்தது. போர்வெல்லிலிருந்து மேலே வரும்போது 27, 28 டிகிரியில் இருக்கும் தண்ணீர், தொட்டியில் கொதித்து, குழாயில் கொதித்து, கோழியின் அலகுக்கு வரும்போது உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டது. கோழிக்கு ருசி மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு. ஆனால் தண்ணீரின் சூட்டை அது துல்லியமாகக் கண்டுகொள்ளும். 10 முதல் 15 டிகிரிவரை குளிர்ந்த தண்ணீரை விரும்பும் என்று கையேடுகள் சொல்லும். 30ஐத் தாண்டினால் குடிப்பதைக் குறைக்கும். எங்கள் ஊரில் 15 டிகிரித் தண்ணீருக்கு வழியில்லை. 28 டிகிரியை 28ஆகவே கொண்டுபோய்ச் சேர்க்க வழி இருக்கிறது.

குளிர்ந்த தண்ணீர் எதற்கு என்று ஒரு கணக்கு. 28 டிகிரித் தண்ணீர் 400 மில்லி குடித்தால், அது 41 டிகிரிக்குச் சூடாக உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஐந்து கிலோ கலோரி சொச்சம். 38 டிகிரித் தண்ணீர் என்றால் ஒன்றே கால்தான். இந்த வித்தியாசமே பெரிதில்லை. ஆனால் நூறு மில்லி தண்ணீர் மூச்சோடு ஆவியானால் ஐம்பதுக்கு மேல் கிலோ கலோரி வெளியே போகும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கோழி கூடுதலாகக் குடிக்கும், கூடுதலாகக் குடித்தால்தான் ஆவியாக்க உடம்பில் தண்ணீர் இருக்கும். குளிர்ச்சியின் உண்மையான பயன் அங்கேதான். மாமா அந்த வாரமே தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டார், தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினார், வெளியே கிடந்த குழாயை மண்ணில் புதைத்தார். பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாயின் கடைசி மூடியைத் திறந்து சுடுதண்ணீரை வெளியே ஓடவிட்டார்.

தீனியும் ஒரு சூடுதான். தின்றது செரிக்கும்போது உடம்பில் வெப்பம் ஏறும், அந்த ஏற்றம் தின்று சில மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வரும். அதனால் முற்பகலில் வயிறு நிறையத் தின்ற கோழிதான் மாலை மூன்று, நான்கு மணிக்கு விழுகிறது. கோடையில் காலை பத்து மணிக்குத் தீவனத் தொட்டியைத் தூக்கிவிட்டு, தண்ணீரை மட்டும் வைத்து, வெயில் தாழ்ந்தபின் இறக்குவது அதற்காக. ராத்திரி விளக்குப் போட்டு விட்ட தீனியை ஈடு செய்துகொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் பல்லடம், உடுமலைப் பகுதிக்கு இயற்கையின் உதவி உண்டு. காற்று வறண்டு இருப்பதால் ஷெட்டுக்குள் ஃபாகர் தெளிக்கும் பனித்துளி வேகமாக ஆவியாகிச் சூட்டை இறக்கும். கடலோரத்துப் பண்ணையில் அதே ஃபாகரை ஓட்டினால் ஈரம் சேர்ந்து, கோழி இரைத்தும் ஆவியாக வழியில்லாமல் போய்விடும். ஒரே கருவி, ஊருக்கு ஊர் எதிர்மாறான பலன்.

அடுத்தது தண்ணீரின் தரம். கொங்கு நாட்டில் ஆயிரம் அடி தோண்டி எடுக்கும் தண்ணீர் பல இடங்களில் உப்பு மிகுந்த சப்பைத் தண்ணீர். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்கு நல்லது. 3,000 வரை பிழைக்கும், எச்சம் இளகும். அதற்கு மேல் போனால் வளர்ச்சி அடிவாங்கும். மொத்த அளவை மட்டும் பார்ப்பதும் போதாது. எந்த உப்பு என்பதில்தான் விஷயம். சுண்ணாம்பால் வரும் கடினத்தன்மை கோழியின் உடம்பை அதிகம் பாதிக்காது, நிப்பிளைத்தான் அடைக்கும். மெக்னீசியம் சல்பேட் பேதிமருந்து போல வேலை செய்யும். சோடியமும் குளோரைடும் கூடினால் கோழி நிறையக் குடித்து நிறையக் கழியும். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் குழாயில் செந்நிறப் பாசி கட்டும். சாக்கடையோ உரமோ கலந்த கிணற்றில் நைட்ரேட் ஏறும். அது சத்தமில்லாமல் வளர்ச்சியைக் குறைக்கும்.

நொய்யல் கரைப் பண்ணைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறைகள் பல வருஷங்களாகக் கொட்டிய உப்புக் கழிவு ஆற்றோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, இரண்டு கரைக் கிணறுகளிலும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஆற்றில் கொட்டுவது குறைந்தாலும் மண்ணில் இறங்கிய உப்பு ஒரு மழையில் போகாது. அந்தப் பக்கம் கோழி வளர்ப்பவர் தண்ணீர்ப் பரிசோதனை இல்லாமல் குஞ்சு இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஆலோசனை கேட்கலாம். கோடைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை என வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் நிலத்தடி மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும்.

இங்கே ஒப்பந்த முறையின் ஒரு குறை வெளிப்படுகிறது. தீவனத்தில் சுமார் 0.3 விழுக்காடு சாப்பாட்டு உப்பு சேர்ப்பது வழக்கம். ஏற்கெனவே சோடியம் மிகுந்த தண்ணீர் குடிக்கும் கோழிக்கு அதைக் குறைக்க வேண்டும். ஆனால் நல்ல தண்ணீர்ப் பண்ணைக்கும் சப்பைத் தண்ணீர்ப் பண்ணைக்கும் ஒரே லாரியில் ஒரே மூட்டைதான் வருகிறது. கூளம் நனைந்தால் மட்டும் பண்ணையாளர் பராமரிப்பு சரியில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மாமாவுக்கு அப்படி ஒரு பேட்ச்சில் பிடித்தம் விழுந்தது. தண்ணீர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டும் பதில் வரவில்லை. தண்ணீரின் உப்பைக் கேட்டுத் தீவனத்தின் உப்பை மாற்றிக் கொடுப்பது எந்த ஆலைக்கும் முடியாத காரியமில்லை.

உப்பு மட்டுமல்லாமல் புரதமும் தாகத்தைக் கூட்டும். தேவைக்கு மேல் உள்ள புரதம் யூரிக் அமிலமாக வெளியேற வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். சோயாப் பிண்ணாக்கில் பொட்டாசியம் அதிகம். தீவனத்தில் அது ஏற ஏறக் குடிப்பதும் ஏறும். முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்கும் கருவாட்டை உப்பில்லாக் கருவாடு என்று சொல்லி விற்றாலும், ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே பழைய ஆட்களின் வழக்கம்.

தண்ணீர் சுத்தம் என்றால் பலரும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குளோரின் வேலை செய்வது தண்ணீரின் அமில காரத்தைப் பொறுத்தது. பி.எச். 7.5 என்றால் போட்ட குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு. நம் சப்பைத் தண்ணீர் பெரும்பாலும் காரம், பிளீச்சிங் பவுடரும் காரத்தைக் கூட்டும். அதனால் முதலில் சிட்ரிக் அமிலம் போன்றதால் பி.எச்.சை ஆறரைக்குக் கொண்டுவந்து, பிறகு குளோரின் போட்டால் பாதி மருந்தில் முழு வேலை நடக்கும். கடைசி நிப்பிளில் பிடித்த தண்ணீரில் குளோரின் 3 முதல் 5 பிபிஎம் இருக்க வேண்டும். குழாயின் உள்பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். வைட்டமின், டானிக், சர்க்கரைத் தண்ணீர் எதை விட்டாலும் அதைத் தின்று வளரும் கிருமிக்கூடு அது. பேட்ச் முடிந்து ஷெட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையைக் குழாயில் நிரப்பி ஊறவைத்துக் கழுவினால்தான் போகும். தடுப்பூசி போடும் நாளில் மட்டும் குளோரின் கூடாது. உயிருள்ள வைரஸ் மருந்து அதில் செத்துப்போகும். வெள்ளைக் கழிச்சல் மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும்போது லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலப்பது மிச்சக் குளோரினைச் செயலிழக்கச் செய்ய. மருந்துக்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தில் விடுவார்கள். கோடையில் அதை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கூளம் நனைகிறது என்று பயந்து தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் சில பண்ணைகளில் உண்டு. இதைவிடத் தவறான சிக்கனம் இல்லை. எங்கள் பக்கம் கூளத்துக்குத் தென்னை நார்க்கழிவுதான். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் மெதுவாக உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மீறிவிட்டது. அப்போது அமோனியா எழும்பும், கண் எரியும், பாதத்தில் புண் வரும், ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும், வளர்ச்சி நிற்கும். அதற்கு மருந்து ஒழுகும் நிப்பிளை மாற்றுவது, குழாய் உயரத்தைச் சரிசெய்வது, கூளத்தைக் கிளறிவிடுவது, காற்றோட்டம் கொடுப்பது. கோழியின் தாகத்தில் கைவைக்கக் கூடாது.

வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருட்டில் கோழி குடிக்காது. விளக்குப் போட்டதும் ஒரு பெரும் தாகம், விளக்கை அணைப்பதற்கு முன் ஒன்று. அந்த நேரத்தில் எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் வரும், குழாயில் அழுத்தம் விழும். கரண்டு போகும் ஊரில் ராத்திரி விளக்கை நம்பித் தீனித் திட்டம் போடுகிறவர் தொட்டியை மாலையிலேயே நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

அளப்பது எப்படி? வீட்டுத் தண்ணீர் இணைப்புக்குப் போடும் மீட்டர் போதும். ஷெட்டுக்குள் நுழையும் குழாயில் பொருத்தி, தினம் ஒரே நேரத்தில் எண்ணைக் குறிக்க வேண்டும். நலமாக இருக்கும் கூட்டம் ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். நோய் வரும்போது தீவனம் குறைவதற்கும் சாவு தொடங்குவதற்கும் முன்னாலேயே, ஒரு நாளாவது முந்தி, தண்ணீர் இறங்கும். சில சமயம் திடீரென ஏறும். அது ஒழுகலாக இருக்கும், இல்லையென்றால் தீவனத்தில் உப்புக் கூடியிருக்கும். மருந்தும் தண்ணீரில்தான் போகிறது. கோழி பாதிதான் குடிக்கிறது என்று தெரியாமல் வழக்கமான அளவு கலந்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை போட்டதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது.

மாமா போன வருஷம் மீட்டர் வாங்கினார். அட்டையில் சாவுக் கட்டத்துக்கும் தீவனக் கட்டத்துக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மேலே 'தண்ணி' என்று எழுதினார். காலை ஆறு மணிக்கு எண்ணைப் பார்ப்பார், பக்கத்தில் முந்தின நாள் உச்ச வெயிலையும் குறிப்பார். 24ஆம் நாள் காலையில் 870 லிட்டர் என்று வந்தது. முந்தின நாள் 1,060. கோழிகள் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தன. சாவு இல்லை. தீவனமும் குறையவில்லை. ஆளுக்கு ஒரு குழாய் வரிசையாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு நிப்பிளாகத் தட்டிக்கொண்டே போனோம். மூன்றாவது வரிசையில் முக்கால் தூரம் தாண்டியதும் ஊசி வறண்டிருந்தது. அதற்கு அப்புறம் கோடி வரை ஒன்றிலும் சொட்டில்லை. முந்தின நாள் மாலை ஃபில்டரைக் கழற்றிக் கழுவியபோது காற்று புகுந்து குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. கடைசி மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது, பின்னாலேயே தண்ணீர். நாங்கள் விலகுவதற்குள் கோழிகள் வந்து குழாயை மொய்த்துவிட்டன.

மறுநாள் மீட்டரில் 1,240. அடுத்த பேட்ச்சுக்கு வந்த புது அட்டையிலும் தண்ணீருக்குக் கட்டம் இல்லை. குஞ்சு லாரி வருவதற்கு முன்னாலேயே மாமா பென்சிலை எடுத்துக் கோடு போட்டுவிட்டார்.